பிரிந்து நிற்கும் மின்னூட்டமும் பிரித்து வைப்பவனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பிளஸ் டூ படிக்கிறவர்களும் பம்புசெட்டு வைத்திருக்கிறவர்களும் வோல்டேஜ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாடப்புத்தகக் கேள்வியும் மோட்டார் கொட்டகைக் கேள்வியும் கலந்தே இருக்கின்றன. விடை இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது.

வோல்டேஜ் என்பது சரியாக என்ன?

எந்தப் பொருளிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிசமமாகக் கலந்து கிடக்கின்றன. அதனால் வெளியே எதுவும் தெரிவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. அவற்றைப் பிரித்து இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று வைக்க வேண்டுமானால் அந்த இழுப்பை மீறி வேலை செய்தாக வேண்டும். செய்த வேலை வீணாகாது. பிரிந்து நிற்கும் நிலையிலேயே ஆற்றலாகத் தங்கியிருக்கும். ஒரு கூலூம் மின்னூட்டத்துக்கு எத்தனை ஜூல் ஆற்றல் என்ற கணக்குத்தான் வோல்ட். 1 கூலூமுக்கு 1 ஜூல் என்றால் 1 வோல்ட்.

டெல்டாக்காரர்களுக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொல்வது சுலபம். மேட்டூர் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி, அதாவது 36.6 மீட்டர். அந்த உயரத்தில் நிற்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீரிலும் ஏறத்தாழ 359 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அணையில் எத்தனை டி.எம்.சி. இருக்கிறது என்பது வேறு கணக்கு. வோல்ட் என்பது மட்டத்தைப் போன்றது, கூலூம் என்பது தண்ணீரின் அளவைப் போன்றது. மட்டத்தைச் சொல்லும்போது “எதிலிருந்து?” என்று கேட்பது போலவே வோல்டேஜையும் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையில்தான் சொல்ல முடியும். ஒரே கம்பியில் இரண்டு காலும் வைத்து உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணமும் இதுதான்.

ஒரு கூலூம் என்றால் எவ்வளவு? பேட்டரி முனையில் அவ்வளவு சேர்ந்திருக்குமா?

ஒரு கூலூம் என்பது ஏறத்தாழ 62,400 கோடிக் கோடி எலக்ட்ரான்கள். அவ்வளவையும் ஓரிடத்தில் பிரித்து வைக்க யாராலும் ஆகாது. ஒரு கூலூம் நேர், ஒரு கூலூம் எதிர் என்று ஒரு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி வைத்தாலும் அவை ஏறத்தாழ 9,000 நியூட்டன் விசையில் இழுத்துக்கொள்ளும். 60 கிலோ நெல் மூட்டை பதினைந்தைத் தூக்கும் பளு அது.

12 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உபரியாகப் பிரிந்து நிற்பது சில பத்துக் கோடி எலக்ட்ரான்கள் மட்டுமே. கூலூம் கணக்கில் அது தூசி. 150 ஆம்பியர் மணி பேட்டரி 5,40,000 கூலூம் தரும் என்கிறார்களே என்றால், அது முனையில் குவித்து வைத்த மின்னூட்டம் இல்லை. முனையிலிருந்து எடுக்க எடுக்க, உள்ளே வேதிவினை மறுபடி மறுபடி பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. “பேட்டரியில் கரண்ட் சேமிக்கிறோம்” என்ற பேச்சு வழக்கு இந்த இடத்தில் குழப்பிவிடும். சேமிப்பது வேதி ஆற்றலை.

அப்படியானால் மின்னியக்கு விசை எது? வோல்டேஜுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பிரிந்து நிற்பதால் வருவது மின்னழுத்த வேறுபாடு, அதாவது வோல்டேஜ். பிரித்து வைப்பவன் செய்கிற வேலை மின்னியக்கு விசை. இரண்டையும் வோல்ட்டில்தான் அளக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு ஏற்றம் இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும், அதற்கு யாரும் வேண்டாம். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற, புவியீர்ப்பு உதவாது. ஏற்றத்தில் ஆள் நிற்க வேண்டும். அதேபோல, வெளிச்சுற்றில் மின்னூட்டம் தானாக ஓடிவிடும். அதை மறுபடி மேட்டுக்கு ஏற்ற, மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள இழுவிசை உதவாது. அதற்கு நேர் எதிராக வேறொன்று தள்ள வேண்டும். பேட்டரியில் வேதிவினை, ஜெனரேட்டரில் காந்தப்புலம், சோலார் பலகையில் வெளிச்சம்.

பெயரில் ‘விசை’ இருந்தாலும் இது நியூட்டனில் அளக்கும் விசை இல்லை. ஒரு கூலூமுக்குச் செய்த வேலைதான். பழைய பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. தேர்வில் அலகு கேட்டால் நியூட்டன் என்று எழுதிவிட வேண்டாம்.

எதுவும் இணைக்காத பேட்டரியில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும். வேதிவினை தள்ளத் தள்ள முனைகளில் மின்னூட்டம் சேர்கிறது. சேர்ந்தது திருப்பித் தள்ளுகிறது. இரண்டும் சமமானதும் வினை நின்றுவிடும். அந்த இடத்தில் மீட்டர் காட்டும் எண்தான் மின்னியக்கு விசை. லோடு இணைத்ததும் இரண்டும் பிரிந்துவிடும், அதைக் கீழே பார்க்கலாம்.

வீட்டிலேயே ஒரு மின்கலம் செய்து பார்க்க முடியுமா?

முடியும். இத்தாலியின் வோல்டா 1800இல் செய்தது இதே வழியைத்தான். தேவை: மூன்று கண்ணாடி டம்ளர், தண்ணீர் 600 மி.லி., கல் உப்பு 90 கிராம் (வேதாரண்யம் உப்பே போதும்), தோல் உரித்த செப்புக் கம்பி, துத்தநாகம் பூசிய புதிய ஜி.ஐ. தகட்டில் மூன்று துண்டு, ஒரு சிவப்பு எல்.இ.டி.

டம்ளருக்கு 200 மி.லி. உப்புத் தண்ணீர். செப்புக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுருட்டி ஒரு பக்கமும், ஜி.ஐ. தகட்டை எதிர்ப்பக்கமும் முக்கவும். முதல் டம்ளரின் செம்பை இரண்டாவதின் தகட்டோடும், இரண்டாவதின் செம்பை மூன்றாவதின் தகட்டோடும் இணைக்கவும். ஒரு டம்ளருக்கு 0.7 முதல் 0.8 வோல்ட் வரை வரும். மூன்றும் சேர்ந்து 2.1 முதல் 2.4. சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 1.8 வேண்டும். செம்பு முனைதான் நேர், எல்.இ.டி.யின் நீளக் கால் அங்கே.

உள்ளே நடப்பது இது: துத்தநாக அணுக்கள் எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீரில் இறங்குகின்றன. செம்பின் பக்கம் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. கொடுக்கிற பக்கம் எலக்ட்ரான் மிகுதி, வாங்குகிற பக்கம் பற்றாக்குறை. பிரிந்துவிட்டது.

சொதப்பும் இடங்கள் தெரிந்தவைதான். மீட்டரில் 2.2 காட்டும், எல்.இ.டி. எரியாது: தகடுகள் தூரமாக இருக்கின்றன அல்லது பரப்பு போதவில்லை, அகமின்தடை (கலத்துக்குள்ளேயே இருக்கும் தடை) அதிகம், ஒன்றையொன்று தொடாமல் நெருக்கி வையுங்கள். எரிந்து சில நிமிடத்தில் மங்கும்: செம்பைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, கம்பியைக் கலக்கிவிட்டால் திரும்பி வரும். மூன்று ஜோடியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுவிட்டு “சீரியஸ்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் பொதுவாக இருப்பதால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, ஏறத்தாழ ஒரு கலத்தின் வோல்டேஜ்தான் வரும்.

இதே வினை, யாரும் கேட்காமலே, போர்வெல்லில் நடக்கிறது. ஜி.ஐ. குழாயில் நேரடியாகப் பித்தளை வால்வை மாட்டினால், கடலோரத்து உப்புத் தண்ணீரில் அது ஒரு ஷார்ட் ஆன பேட்டரி. மரை இருக்கும் இடத்தில் குழாய்தான் முதலில் ஓட்டையாகும். நடுவில் ஒரு பி.வி.சி. துண்டு வைத்தால் சுற்று அறுந்துவிடும்.

சீப்பைத் தேய்த்தால் காகிதம் ஒட்டும் என்கிறார்கள், எங்கள் ஊரில் ஒட்டுவதே இல்லையே?

தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும். அடுத்து, காற்றில் ஈரம். நாகப்பட்டினம் கரையில் மார்கழிக் காலையில் செய்தால் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய ஈரப்படலம் படிந்து, பிரிந்த மின்னூட்டம் அதன் வழியாகவே கசிந்துபோகும். சீப்பை வெயிலில் கால் மணி நேரம் காயவைத்து, உலர்ந்த கம்பளித் துணியில் தேய்த்து, பங்குனி சித்திரை நடுப்பகலில் செய்து பாருங்கள். குழாயிலிருந்து நூல் போல விழும் தண்ணீருக்கு அருகே கொண்டுபோனால் தண்ணீரே வளையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேய்க்கும்போது பிரியும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம். ஆனால் சீப்பையும் துணியையும் விலக்க விலக்க வோல்டேஜ் ஏறும். மின்னூட்டம் மாறவில்லை, இழுப்பை எதிர்த்துக் கை செய்த வேலைதான் கூடியது. ஆயிரக்கணக்கான வோல்ட் வந்தும் ஆளுக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான்: மட்டம் உயரம், தண்ணீர் ஒரு சொட்டு. அடுப்பங்கரை லைட்டரில் படிகத்தை நசுக்கும்போதும் இதே கதை. பொறி தாண்டும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 3,000 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

காந்தம் எப்படி மின்னூட்டத்தைப் பிரிக்கிறது?

காந்தப்புலத்துக்குக் குறுக்கே நகரும் மின்னூட்டத்தின் மேல் பக்கவாட்டில் ஒரு தள்ளல் விழும். கம்பியை நகர்த்தினால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரு நுனிக்கு ஒதுங்கும், மறுநுனியில் பற்றாக்குறை. ஒரு மீட்டர் கம்பி, 0.5 டெஸ்லா புலம், நொடிக்கு 10 மீட்டர் வேகம், மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்றால் பெருக்கினால் வருவது 5 வோல்ட். ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலின் ஒரு வடிவம் இது. மேட்டூர் நீர்மின் நிலையத்திலும் குத்தாலம், திருமாக்கோட்டை எரிவாயுச் சுழலி நிலையங்களிலும் நடப்பது இதுதான், சுற்றுகள் மட்டும் அதிகம்.

ஃபாரடே 1832இல் லண்டன் தேம்ஸ் ஆற்றுப் பாலத்திலிருந்து செப்புத் தகடுகளைத் தண்ணீரில் இறக்கி, பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் ஆறே மின்சாரம் தருகிறதா என்று பார்த்தார். தெளிவான விடை கிடைக்கவில்லை. அதைக் காவிரியில் செய்தால் என்ன ஆகும்? லண்டனில் புலம் பெரும்பாலும் செங்குத்தாக நிற்பதால் கரைக்குக் கரை வோல்டேஜ் தேட வேண்டும். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குப் புலம் ஏறக்குறைய கிடைமட்டம், வடக்கு நோக்கி, ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காவிரி கிழக்கே ஓடுகிறது. ஆகவே பிரிவு மேலும் கீழுமாக நடக்கும்: 2 மீட்டர் ஆழம், நொடிக்கு 1 மீட்டர் ஓட்டம் என்றால் நீர்மட்டத்துக்கும் ஆற்றுப்படுகைக்கும் இடையில் 80 மைக்ரோவோல்ட், மேல்பக்கம் நேர். அளக்கப் போனால் இரண்டு தகடுகளின் மேற்பரப்பிலுள்ள சின்ன வேறுபாடே சில மில்லிவோல்ட் தந்து அதை மூழ்கடித்துவிடும்.

மின்னூட்டம் பிரியாமலே மின்னியக்கு விசை இருக்க முடியுமா?

முடியும், நல்ல கேள்வி. எங்கும் ஒரே தடிமனுள்ள செப்பு வளையத்தின் நடுவே காந்தப்புலத்தைச் சீராகக் கூட்டினால் வளையம் முழுக்க மின்னோட்டம் சுற்றும். எங்கும் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. மின்னூட்டம் எங்கும் குவியவில்லை. வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால்தான் வெட்டின் இருபுறமும் குவிந்து வோல்டேஜ் தெரியும். முழு மின்னியக்கு விசையும் அப்போது அந்த இடைவெளியில் வந்து நிற்கும். தண்ணீர் உவமை இங்கே உதவாது. இதோடு விட்டுவிடுவது நல்லது.

பேட்டரியில் மீட்டர் 12.6 காட்டுகிறது, ஆனால் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டர் பொய்யா?

மீட்டர் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் தடை பெரும்பாலும் 10 மெகாஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே அது காட்டுவது மின்னியக்கு விசையை. ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பதோ 200 ஆம்பியர். அவ்வளவு ஓடும்போது அகமின்தடையில் இழப்பு ஏற்படும். முனையில் எஞ்சுவதுதான் மோட்டாருக்கு.

நல்ல பேட்டரியில் 12.6, ஸ்டார்ட் அடிக்கும்போது 10.4க்கு இறங்குகிறது என்று கொள்வோம். 2.2 வோல்ட்டை 200ஆல் வகுத்தால் 0.011 ஓம். இப்போது முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு 0.02 ஓம் கூட்டினால் இன்னும் 4 வோல்ட் போய்விடும். அதனால் சோதிக்கும் முறை: ஒருவர் சாவியைத் திருப்ப, மீட்டரின் ஊசிகளை முதலில் பேட்டரி முனையின் ஈயக் குமிழிலேயே வைத்துப் பாருங்கள், பிறகு அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில். குமிழில் 10.4, கிளாம்பில் 7 என்றால் குற்றம் கிளாம்பில். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினால் போதும். குமிழிலேயே 9.6க்குக் கீழே போனால், முதலில் முழுச் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் பேட்டரி ஓய்ந்துவிட்டது.

மின்னியக்கு விசை ஆசிட்டின் அடர்த்தியைப் பொறுத்தது. ஹைட்ரோமீட்டர் அளவோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் ஏறத்தாழ வந்துவிடும்: 1.25 என்றால் 2.09, ஆறு செல்லுக்கு 12.54. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைவாக இருந்தால் அந்தச் செல் போகிறது என்று பொருள். அடர்த்தி குறைந்துவிட்டதே என்று ஆசிட் ஊற்றக் கூடாது. குறைந்தது ஆசிட் இல்லை, அது தகட்டில் ஒட்டியிருக்கிறது, சார்ஜ் ஏற்றினால் திரும்பி வரும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள இரும்பும் குளோரைடும் சும்மா நிற்கும்போதே பேட்டரியைத் தின்றுவிடும்.

கடைமடையில் ஏன் எப்போதும் லோ வோல்டேஜ்? மோட்டார் காயில் ஏன் கருகுகிறது?

தண்ணீருக்கும் கடைமடை, கரண்டுக்கும் கடைமடை. டிரான்ஸ்ஃபார்மரில் லோடு இல்லாதபோது பேஸுக்குப் பேஸ் 433 வோல்ட் இருக்கும். கடைசி மோட்டாரின் கண்ணுக்கு டிரான்ஸ்ஃபார்மரும் இடையிலுள்ள லைனும் சேர்ந்து அகமின்தடையுள்ள ஒரு பேட்டரி மாதிரிதான். கிலோமீட்டருக்கு 0.9 ஓம் உள்ள அலுமினியக் கம்பியில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 40 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு பேஸிலும் 36 வோல்ட் இழப்பு. பேஸுக்குப் பேஸ் 62 வோல்ட். 433 என்பது 370 ஆகிவிடும். குறுவை நேரத்தில் எல்லா மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது மீட்டர் இன்னும் கீழே காட்டுவதில் வியப்பில்லை.

காயில் கருகுவதற்குக் காரணம் மோட்டாருக்குள்ளே இருக்கும் இன்னொரு மின்னியக்கு விசை. சுற்றும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. வரும் வோல்டேஜை எதிர்த்துத் தானும் ஒன்றை உண்டாக்குகிறது. இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால்தான் 5 எச்.பி. மோட்டார் 7.5, 8 ஆம்பியரோடு நிற்கிறது. நின்ற நிலையில் எதிர்ப்பு இல்லை. ஸ்டார்ட் ஆகும்போது ஆறு மடங்கு இழுப்பது இதனால். லோ வோல்டேஜில் வேகம் தளர்ந்து, எதிர்ப்பு குறைந்து, ஆம்பியர் ஏறுகிறது. மணல் அடைத்து ரோட்டார் சிக்கிவிட்டாலோ ஆறு மடங்கும் அப்படியே நின்று ஓடும். ஓவர்லோடு ரிலேயை (ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்திவிடும் கருவி) மோட்டார் பெயர்த்தகட்டிலுள்ள ஆம்பியருக்கு வையுங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று திருகிக் கூட்டிவிட்டால், காயில் கட்டும் செலவைத்தான் தேடிக்கொள்கிறோம்.

ஒரு பேஸ் போய்விட்டது என்கிறார்கள், ஆனால் டெஸ்டர் மூன்றிலும் எரிகிறதே?

ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்திருப்பீர்கள். இரண்டு பேஸில் ஓடும் மோட்டார் மூன்றாவது காயிலிலும் தூண்டலால் வோல்டேஜை உண்டாக்கிவிடும். டெஸ்டருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரின் வரும் பக்கத்தில் பேஸுக்குப் பேஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இதன் தம்பி இன்னொன்று: சுவிட்சை அணைத்த ஒயரில் டிஜிட்டல் மீட்டர் 60, 80 வோல்ட் காட்டும். பக்கத்தில் ஓடும் உயிருள்ள ஒயரும் இதுவும் சேர்ந்து ஒரு குட்டி மின்தேக்கி (கண்டன்சர்). மீட்டரோடு இணையாக ஒரு குண்டு பல்பை மாட்டினால் பூச்சியமாகிவிடும். மாட்டியும் இறங்கவில்லை என்றால் அது நிஜம், கை வைக்காதீர்கள்.

மெயின் ஆஃப் செய்த பிறகும் கண்டன்சர் ஷாக் அடிக்கிறதே?

பிரித்து வைத்த மின்னூட்டம் சேர வழியில்லாமல் அப்படியே நிற்கிறது. 36 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 325 வோல்ட்டில் நின்றால் அதில் 0.0117 கூலூம், 1.9 ஜூல். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பழக்கம். பொறி பறந்து முனை குழிவிழும், கண்ணுக்கும் நல்லதில்லை. 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு நொடிக்கு மேல் முனைகளில் பிடித்தால் இறங்கிவிடும். பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சோலார் பம்பு: மேகமூட்டத்திலும் பலகையில் வோல்டேஜ் முழுதாகக் காட்டுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை, ஏன்?

வெளிச்சம் பட்டதும் சிலிக்கான் சந்தியில் எலக்ட்ரான் ஒரு பக்கம், அதன் காலியிடம் மறுபக்கம் பிரிகின்றன. ஒரு செல்லுக்கு 0.6 வோல்ட்டை ஒட்டி வந்து நின்றுவிடும். வெளிச்சம் பாதியானாலும் அது கொஞ்சம்தான் குறையும். ஆனால் நொடிக்கு எத்தனை எலக்ட்ரான் பிரிகிறது என்பது வெளிச்சத்தோடு நேராக இறங்கும். திறந்த முனையில் வோல்டேஜ் பார்த்துப் பலகை நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஓடும்போது ஆம்பியரைப் பாருங்கள்.

இடி மேகத்தில் பிரித்து வைப்பது யார்? வயலில் மாடுகள் அதிகம் சாவது ஏன்?

மேகத்துக்குள் மேலெழும் காற்று. பனிப்படிகங்களும் கனத்த மென்பனி உருண்டைகளும் மோதும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. லேசான படிகங்கள் நேர் மின்னூட்டத்தோடு உச்சிக்குப் போகின்றன, உருண்டைகள் எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. அடியிலுள்ள எதிர் மின்னூட்டத்தைப் பார்த்துத் தரையில் நேர் மின்னூட்டம் திரளும். வோல்டேஜ் கோடிகளில் ஏறி, காற்று தாங்காமல் உடைவதுதான் மின்னல்.

மின்னல் விழுந்த இடத்திலிருந்து மின்னோட்டம் சேற்றில் நாலாபக்கமும் பரவும்போது, தரையிலேயே மீட்டருக்கு மீட்டர் வோல்டேஜ் வேறுபடும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மின்னோட்டம் நெஞ்சு வழியாகப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் தனித்து நிற்கும் பனை, தென்னை அடியில் மாட்டைக் கட்டாதீர்கள், நீங்களும் நிற்காதீர்கள். வயலில் மாட்டிக்கொண்டால் படுக்கக் கூடாது. இரண்டு பாதமும் ஒட்டியபடி குந்துங்கள்.

அறுந்து விழுந்த லைனுக்கும் இதே கணக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்களைச் சாய்த்தது போன்ற நேரங்களில் கம்பி சேற்றில் கிடக்கும், பொறி எதுவும் தெரியாது. பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தெரியாமல் அருகில் போய்விட்டால் ஓடாதீர்கள். அகலமாக வைக்கும் ஒவ்வொரு அடியும் இரண்டு காலுக்கு இடையில் வோல்டேஜைக் கூட்டும். பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல், ஒட்டியபடியே இழுத்து இழுத்துப் பின்வாங்குங்கள். லைன் ஆஃப் ஆனதை மின்வாரிய ஆட்கள் உறுதி செய்யும் வரை மாடு கிடந்தாலும் மனிதர் கிடந்தாலும் கையால் தொடக் கூடாது.